“பட்டையைச் சுத்தினாலே நெஞ்சு படபடங்குது!” - பிரஷர் பார்க்கப் பயப்படுகிறவர்களுக்கு...

“பெரியம்மா, கையைக் கொஞ்சம் நீட்டுங்க. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்.”

“இப்பத்தாம்மா மாட்டைக் கட்டிட்டு வர்றேன். மேல் மூச்சு வாங்குது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அடுத்த வாரம் வந்தால் தலைவலி. அதற்கடுத்த வாரம் ரேஷன் கடையில் கூட்டம். அதற்கும் அடுத்த வாரம், அந்தப் பெண் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே என் பெரியம்மா கொல்லைப்புறமாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். வந்தவர் கடன் வசூலிக்க வரவில்லை; பிரஷர் பார்க்க வந்தார். அரசுத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர். அதே தெருவில் வளர்ந்த பெண்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை தாலுகாவில், ஜவ்வாது மலைக்கு அருகே இருக்கிறது சிங்காரப்பேட்டை. பெரியம்மாவுக்கு வாக்கப்பட்ட ஊர். பாம்பைக் கண்டால் தடியெடுக்கிற மனுஷி அவர். ஆனால், கையில் சுற்றுகிற அந்தக் கறுப்புப் பட்டையைக் கண்டால் மட்டும் இரண்டு வருடம் ஓடி ஒளிந்தார்.

காரணம் இருந்தது. ஒருமுறை காய்ச்சலுக்காகத் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போயிருக்கிறார். வெயிலில் பஸ் ஏறி, ஒரு மணி நேரம் நின்று, உள்ளே போய் உட்கார்ந்த அடுத்த நொடியே பட்டையைச் சுற்றியிருக்கிறார்கள். பார்த்தவர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “நூத்தித் தொண்ணூறு இருக்கு! எப்படிம்மா நடந்து வந்த?” என்று கேட்டுவிட்டார். ஏற்கெனவே பெரியப்பா பக்கவாதத்தில் படுத்து, எட்டு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்த வீடு அது. ‘பிரஷர்’ என்ற சொல்லும் பெரியப்பாவின் கட்டிலும் பெரியம்மா மனதில் ஒன்றாகவே பதிந்துவிட்டன. அன்றிலிருந்து பட்டையைப் பார்த்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். ஒருவேளை, அது நீங்களாகவே இருக்கலாம்.

பயந்தால் பிரஷர் ஏறுமா?

ஏறும். இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. நாய் துரத்தும்போது நம்மை ஓடவைக்கிற அதே ஏற்பாடுதான். பட்டையைச் சுற்றுகிறவர் நாய் இல்லை என்று மூளைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரிவதற்குச் சில நிமிடங்கள் ஆகும்.

இதை அழகாக நிரூபித்தவர் இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த ஜுசெப்பே மான்சியா என்ற மருத்துவர். 1983-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவருடைய குழுவின் ஆய்வு வெளியானது. மருத்துவமனையில் இருந்த 48 பேரின் ரத்தக்குழாய்க்குள்ளேயே மெல்லிய குழாயைப் பொருத்தி, ரத்த அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்தார்கள். அதன்பிறகு, பிரஷர் பார்க்க ஒரு டாக்டரை உள்ளே அனுப்பினார்கள். டாக்டர் வந்த முதல் சில நிமிடங்களிலேயே மேல் அளவு சராசரியாக 27 புள்ளியும், கீழ் அளவு 15 புள்ளியும் எகிறின. டாக்டர் அங்கேயே இருக்க இருக்க, பத்து நிமிடத்துக்குள் பெருமளவு இறங்கியும் விட்டன.

1987-ல் அதே குழு இன்னொன்றையும் பார்த்தது. டாக்டருக்குப் பதிலாக நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தால் இந்த ஏற்றம் பாதியளவுக்குக் குறைந்தது. பார்க்கிற ஆள் மாறினால், வருகிற எண்ணும் மாறுகிறது!

மருத்துவமனையில் மட்டும் அதிகமாகவும், வீட்டில் சரியாகவும் இருக்கும் இந்த நிலைக்கு ‘வெள்ளை அங்கி ரத்த அழுத்தம்’ என்று மருத்துவ உலகம் பெயரே வைத்திருக்கிறது. 1988-ல் அமெரிக்காவில் தாமஸ் பிக்கரிங் என்ற மருத்துவரின் குழு, கிளினிக் அளவில் லேசான ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்லப்பட்ட, மருந்து எடுக்காத 292 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 21 சதவிகிதம் பேருக்கு, அன்றாட வாழ்க்கையில் அளவு சரியாகவே இருந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்!

பேரன் கதை

பெரியம்மாவின் கதவைத் திறந்தது அவர் பேரன்தான். டிப்ளமா முடித்தவன். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்டர்வியூ முடிந்து, மெடிக்கல் செக்கப் மட்டும் பாக்கி. சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூர் போவதென்றால் மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவது மாதிரி. விடியற்காலையில் கிளம்பி, பஸ் மாறி, ஸ்டாண்டில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஓடியிருக்கிறான். இந்த வேலை கிடைத்தால்தான் அக்காவின் கடன் அடையும் என்பது மனதில். பட்டையைச் சுற்றினார்கள். 158/96.

“தம்பி, ஒரு வாரம் கழிச்சு வாங்க, மறுபடி பார்ப்போம்” என்று அனுப்பிவிட்டார்கள். 23 வயதில் பிரஷரா என்று அழாத குறையாக வீடு வந்தான்.

ஊத்தங்கரையில் அவன் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதவில்லை. “வீட்ல ஒரு வாரம் பார்த்து எழுதிட்டு வா. கைமுட்டிக்கு மேல சுத்துற மெஷினா வாங்கு. மணிக்கட்டு மெஷின் வேண்டாம்” என்றார். எப்படிப் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். ஒரு வாரச் சராசரி 122/78. அந்தத் தாளைக் காட்டியதும் டாக்டர் அவன் தோளைத் தட்டினார். மறுபடி ஓசூர் போனபோது முந்தைய நாளே போய் நண்பன் அறையில் தங்கினான், டீ குடிக்கவில்லை, “எனக்கு பிரஷர் பார்த்தா பயம் சார், அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துக்கிறேன்” என்று வெளிப்படையாகவே சொன்னான். மூன்று முறை பார்த்தார்கள். கடைசி அளவு 134/84. வேலை கிடைத்தது.

மெஷின் வீட்டில் மிச்சம் இருந்தது. அடுத்த குறி ஆயாதான்!

“பயத்துலதான் ஏறுது, விடு!” - இதுதான் ஆபத்து

பேரன் கதையைக் கேட்டதும் பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா, எனக்கும் பயத்துலதான் ஏறியிருக்கு. வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று தீர்ப்பே எழுதிவிட்டார். பலர் செய்கிற தவறு இது. பயம் அளவை ஏற்றும் என்பது உண்மை. ஆனால், பயந்தவருக்கு நிஜமான ரத்த அழுத்தம் இருக்காது என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ‘எனக்குத் தலை சுத்தல, மயக்கம் வரல’ என்பது பிரஷர் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. உலக அளவில், ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழகத்தில் 2020-ல் 18 முதல் 69 வயது வரையிலானவர்களிடம் எடுத்த ஆய்வில் 33.9 சதவிகிதம் பேருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவிகிதம்!

தெரியாமலே வருடக்கணக்கில் இருக்கும் அழுத்தம், மூளை, இதயம், சிறுநீரகம், கண் என்று ஒவ்வொன்றாக அரிக்கிறது. பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான். அவர் ஒருநாள்கூட பிரஷர் பார்த்ததில்லை. அவருக்குப் பயமும் இல்லை. ‘எனக்கு என்ன கேடு’ என்ற தைரியம். அந்தத் தைரியமும் பெரியம்மாவின் பயமும் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்தன. இரண்டு பேரையும் பட்டையிடமிருந்து தள்ளியே வைத்தன.

வாசலுக்கே வந்த பட்டை

இந்த விஷயத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, முதல்வர் மு.க.ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரையும் வீடு தேடி வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. அதே ஆண்டு, தொழிற்சாலைகளுக்கே சென்று பரிசோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டமும் வந்தது.

பிரஷர் பார்க்கப் பயப்படுகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது. மிலான் நகர டாக்டர் கண்டுபிடித்ததை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோட்டு, மருந்து வாசனை, டோக்கன் வரிசை, அடுத்த ஆள் நிற்கும் அவசரம் எதுவும் இல்லை. சொந்தத் திண்ணை, தெரிந்த முகம். பயந்த மனசுக்கு இதைவிடத் தோதான இடம் எது?

அந்தப் பெண்ணும் கடைசியில் அதைத்தான் பயன்படுத்தினார். ஒருநாள் மெஷினை வெளியே எடுக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். மாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அடுத்த முறை பட்டையைப் பெரியம்மா கையில் கொடுத்து, “சும்மா பாருங்க, துணிதான்” என்றார். அதற்கடுத்த முறை, “எண்ணை உங்ககிட்ட சொல்ல மாட்டேன். எழுதி மட்டும் வெச்சுக்கிறேன். சரியா பெரியம்மா?” என்றார். பெரியம்மா கையை நீட்டினார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக.

பெரியம்மாவின் ஒரு வாரம்

அன்றைக்கு வந்த அளவு 168/94. அந்தப் பெண் சொன்னபடி எண்ணைச் சொல்லவில்லை. “கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு. ஒரு வாரம் வீட்ல பார்த்துட்டு டாக்டரைப் பார்த்துடலாம்” என்று மட்டும் சொன்னார். பேரன் மெஷினைக் கையில் எடுத்தான்.

வீட்டில் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி, மாத்திரை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்பு இரண்டு முறை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிட இடைவெளி. மாலையிலும் அப்படியே இரண்டு முறை. இப்படி ஏழு நாள். முதல் நாள் அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, மீதி ஆறு நாள் அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். புது மெஷினைக் கண்ட படபடப்பு முதல் நாளோடு போகட்டும் என்பதற்காகத்தான் அந்தச் சலுகை.

கிளினிக்கில் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்த அழுத்தம் என்பார்கள். வீட்டில் எடுக்கிற சராசரிக்கு எல்லைக்கோடு 135/85. வீட்டில் நாம் நிதானமாக இருப்பதால் கோடும் கொஞ்சம் கீழே இருக்கிறது.

பெரியம்மாவின் ஆறு நாள் சராசரி 152/90. அதாவது, கிளினிக்கில் சொன்ன 190-ல் பெரும்பகுதி வெயிலும் அவசரமும் பயமும் ஏற்றிவைத்தது. ஆனால், மிச்சம் நிஜம். மாத்திரை தேவைப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பித்துக்கொடுத்தார்கள்.

பேரனுக்குப் பயத்தைக் கழித்தால் எதுவும் மிஞ்சவில்லை. ஆயாவுக்கு மிஞ்சியது. யாருக்கு எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும்.

பட்டைக்குப் பழகுவது எப்படி?

உங்களுக்கும் இந்தப் பயம் இருந்தால், இவற்றைச் செய்து பாருங்கள்.

*வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்:* “எனக்கு பிரஷர் பார்க்கிறதுன்னா பயம்” என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ முதலிலேயே சொல்லுங்கள். மறைக்க மறைக்கத்தான் படபடப்பு கூடும். தெரிந்தால் அவர்களும் கொஞ்சம் நேரம் கொடுப்பார்கள். இன்னொரு முறை பார்ப்பார்கள்.

*எண்ணைப் பார்க்காதீர்கள்:* திரையை அவர்கள் பக்கம் திருப்பிவைக்கச் சொல்லலாம். எண் ஏறுவதைப் பார்த்தால் பயம் ஏறும், பயம் ஏறினால் எண் ஏறும். எல்லாம் முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

*இறுக்கத்தைக் கண்டு மிரளாதீர்கள்:* உங்கள் அழுத்தத்தைவிடச் சற்று அதிகமாகப் பட்டையில் காற்று ஏறினால்தான் மெஷினால் அளக்க முடியும். அந்தச் சில நொடிகள் கை இறுகும், லேசாக மரத்துப்போகும். இது வழக்கமானதுதான். இறங்கியதும் சரியாகிவிடும். அளக்கும்போது உடம்பை அசைத்தால், மெஷின் மறுபடி காற்றை ஏற்றும். அது இன்னும் இறுக்கும். அசையாமல் இருப்பதே நல்லது.

*மூச்சை மெதுவாக விடுங்கள்:* மூக்கு வழியாக மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு போதும். பட்டையைச் சுற்றும் முன் சில நிமிடங்கள் இதைச் செய்தால் இதயத்துடிப்பு நிதானத்துக்கு வரும்.

*வீட்டில் ஒத்திகை:* மெஷின் இருந்தால், இரண்டு நாள் பட்டையைச் சும்மா கட்டிக்கொண்டு உட்காருங்கள். பட்டனை அழுத்த வேண்டாம். டி.வி. பாருங்கள், கழற்றிவிடுங்கள். மூன்றாம் நாள் அழுத்துங்கள், எண்ணைப் பார்க்க வேண்டாம். பழகப் பழக, உடம்பு பட்டையை எதிரியாகப் பார்ப்பதை விட்டுவிடும்.

உட்காரும் விதத்திலும் இருக்கிறது எண்!

பயம் இல்லாதவர்களுக்குக்கூட, உட்காரும் முறை தவறினால் அளவு கூடும்.

- அரை மணி நேரத்துக்கு முன்பே டீ, காபி, பீடி, சிகரெட், வேகமான நடை எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.
- சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். அதுவும் அளவை ஏற்றும்.
- முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம்.
- கையை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். 2024-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கையை மடியில் வைத்தால் மேல் அளவு ஏறக்குறைய 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 புள்ளியும் கூடுதலாகக் காட்டியது.
- புடவை ஜாக்கெட், சட்டைக் கை மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. சுருட்டிவிட்ட துணி கையை இறுக்காமலும் இருக்க வேண்டும்.
- பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.
- அளக்கும்போது பேச்சு வேண்டாம். “சாப்டீங்களா?” என்று கேட்டாலும், முடிந்த பிறகே பதில்!
- முதல்முறை பார்க்கும்போது இரண்டு கைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கையில் அதிகமோ, அடுத்தடுத்து அந்தக் கையில்தான் பார்க்க வேண்டும்.

நாளைக்கு இருபது முறை பார்க்கிறவர்களுக்கு...

பயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சிலர் பட்டையைக் கண்டு ஓட மாட்டார்கள். அதைவிட்டு இறங்கவே மாட்டார்கள். 138 வந்தால் மறுபடி பார்ப்பார்கள். 144 வரும். பயந்துபோய் இன்னொரு முறை. 151! ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறவர்களும் உண்டு.

இவர்களுக்கு ஒரே மருந்து, கணக்கு. டாக்டர் சொன்ன வாரத்தில் காலை இரண்டு, மாலை இரண்டு. அதோடு மெஷின் பீரோவுக்குள் போய்விட வேண்டும். சாவி வீட்டில் வேறொருவரிடம் இருக்கட்டும். ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். படி ஏறினால் ஏறும், தூங்கினால் இறங்கும். ஒவ்வோர் ஏற்றத்தையும் துரத்திக்கொண்டு போக முடியாது. ஒரு வாரச் சராசரிதான் கணக்கு.

எவ்வளவு முயன்றும் படபடப்பு அடங்கவில்லை, தூக்கம் போகிறது, ஆஸ்பத்திரி என்றாலே மூச்சு முட்டுகிறது என்றால், அது பிரஷரைவிடப் பதற்றத்தின் பிரச்னை. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற ‘டெலி மானஸ்’ இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அல்லது 104 உதவி எண்ணை அழைக்கலாம்.

வீட்டு அளவும் கிளினிக் அளவும் பொருந்தவே இல்லை என்றால், 24 மணி நேரம் உடம்பிலேயே மாட்டியிருக்கும் கருவியால் அளக்க டாக்டர் பரிந்துரைக்கலாம். குறிப்பிட்ட இடைவெளியில் அது தானே அளந்துகொள்ளும், தூக்கத்திலும்கூட.

வெள்ளை அங்கிக்கு நேர்மாறான ஒன்று

கிளினிக்கில் சரியாக இருந்து, வீட்டிலும் வேலையிடத்திலும் ஏறுகிற ரத்த அழுத்தமும் உண்டு. இதை ‘மறைந்த ரத்த அழுத்தம்’ என்பார்கள். புகைபிடிப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், வேலை நெருக்கடியில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஓசூரிலிருந்து கர்நாடக எல்லை வரை, ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! செக்கப்பில் ஒருமுறை சரியாக இருந்ததே என்று விட்டுவிடாமல், வீட்டிலும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

‘எனக்கு வெள்ளை அங்கிப் பிரச்னைதான்’ என்று டாக்டரே சொல்லிவிட்டாலும், வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டுச் சராசரியை எடுத்துக் காட்டுங்கள். அவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் நிஜமாகவே ரத்த அழுத்தம் வந்துவிடுகிறது. எனவே, பேரனும் அந்த மெஷினைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

மேல் அளவு 180-ஐயோ கீழ் அளவு 120-ஐயோ தாண்டி, அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் வலுவிழத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு, தாங்க முடியாத தலைவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். அது பயமா, வியாதியா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லாமல் எண் மட்டும் அவ்வளவு அதிகம் என்றால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால், தள்ளிப்போடாமல் அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

“ஒருதடவ ஆரம்பிச்சா ஆயுசுக்கும் மாத்திரையாமே?”

பெரியம்மாவின் பயத்துக்கு அடியில் இருந்த பயம் இதுதான். பட்டையைச் சுற்றினால் எண் வரும், எண் வந்தால் மாத்திரை வரும், மாத்திரை வந்தால் விடாது. பலரைப் பட்டையிடமிருந்து விரட்டுவது இந்தக் கணக்குத்தான்.

பெரும்பாலானவர்களுக்கு நீண்ட காலம் மாத்திரை தேவைப்படும் என்பது உண்மைதான். எடை குறைந்து, உப்பு குறைந்து, நடை கூடினால் சிலருக்கு டாக்டர் அளவைக் குறைப்பதும் உண்டு. ஆனால், ‘இப்போ நார்மலாத்தானே இருக்கு’ என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. மாங்காய்க்குப் பேர்போன மாவட்டத்தில் ஊறுகாய் ஜாடியைத் தள்ளிவைப்பது சுலபமில்லை. பெரியம்மா, களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயைப் பாதியாக்கியிருக்கிறார். கருவாட்டைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

அவரிடம் நான் கேட்டேன், “மாத்திரை போடறது கஷ்டமா இருக்கா பெரியம்மா?”

“மாத்திரை என்ன, தண்ணியோட போயிடுது. ரெண்டு வருஷம் பயந்துக்கிட்டே ராத்திரி தூங்காம கெடந்தேன் பாரு, அதுதான் கஷ்டம்” என்றார்.

இப்போது அந்தப் பெண் வந்தால் பெரியம்மா கொல்லைப்புறம் போவதில்லை. திண்ணையில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, தலையணையை அடுக்கி அதன்மேல் கையை நெஞ்சு உயரத்துக்கு வைத்துக்கொள்கிறார். யாராவது நடுவில் பேசினால் கண்ணை உருட்டுகிறார். போன மாதம் 132/80. எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டவர், இப்போது அவரே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். கேட்டுவிட்டு, எதிர்வீட்டு அக்காவைப் பார்த்து ஒரு சத்தம் போடுகிறார்:

“ஏண்டி, அடுப்புல வேலைன்னு உள்ள பூந்துக்காத. வந்து கையை நீட்டு. ஒண்ணும் பண்ணாது!”